ஆங்கில ஆசிரியர் ஆவதற்கான பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆங்கில ஆசிரியராக வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் முதலில் தேடுவது பயிற்சி நிறுவனங்களின் பட்டியலைத்தான். அந்தப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: யாருக்கு, எந்த இடத்தில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறோம்? அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கற்பிக்க விரும்புபவருக்கும், தனியார் மெட்ரிக் பள்ளியில் சேர விரும்புபவருக்கும், பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்க நினைப்பவருக்கும், ஸ்போக்கன் இங்கிலீஷ் மையத்தில் மாலை வகுப்பு நடத்தப் போகிறவருக்கும், வளைகுடா நாடொன்றில் வேலை தேடுபவருக்கும் தேவைப்படும் தகுதிகள் ஒன்றல்ல. ஓரிடத்தில் சட்டப்படி கட்டாயமான பட்டம் இன்னோரிடத்தில் யாராலும் கேட்கப்படாமல் போகலாம். ஓரிடத்தில் பெரிதும் மதிக்கப்படும் சான்றிதழை இன்னோரிடத்தின் விண்ணப்பப் படிவத்தில் எழுதக்கூட இடமிருக்காது. இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் பலர்.

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியமானது. ஆனால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இந்தப் பயிற்சிக் காலத்தில் உண்மையான மாணவர்கள் முன் நான் எத்தனை மணி நேரம் நின்று கற்பிப்பேன்? அதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? பார்த்த பிறகு என்னிடம் என்ன பேசுவார்கள்? கற்பித்தல் கோட்பாடுகளை நூலகத்தில் படித்துக்கொள்ளலாம். இலக்கணத்தை வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். ஆனால் கேள்வியைக் கேட்டுவிட்டு மாணவர் யோசிப்பதற்குள் நாமே விடை சொல்லிவிடுவது, கரும்பலகையைப் பார்த்தபடியே பேசுவது, முன்வரிசையில் இருக்கும் நான்கு பேரை மட்டும் நம்பி வகுப்பை நடத்திச் செல்வது போன்ற பழக்கங்களை நமக்கு நாமே கண்டுகொள்வது மிகக் கடினம். அனுபவமுள்ள ஒருவர் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்து, அன்றைக்கே நம்மிடம் எடுத்துச் சொன்னால்தான் அவை மாறத் தொடங்கும். ஆகவே, செல்ல விரும்பும் பணிக்கு அந்தச் சான்றிதழ் செல்லுமா என்பதை உறுதி செய்துகொண்ட பிறகு, பயிற்சிகளுக்கு இடையே தேர்வு செய்ய இந்த ஒரே அளவுகோலைப் பயன்படுத்துங்கள் என்பதே என் பரிந்துரை.

பள்ளியில் கற்பிக்க விரும்புவோர்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளைப் பொறுத்தவரை பாதை ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு ஆங்கிலத்தில் இளநிலைப் பட்டமும் பி.எட். பட்டமும் வேண்டும்; மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் பணிக்கு ஆங்கிலத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்று, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வை எழுத வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு உரியது தொடக்கக் கல்விப் பட்டயம். பி.எட். முடித்தவர்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணிக்குத் தகுதியானவர்கள் அல்லர் என்று 2023 ஆகஸ்ட் மாதத்தில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டதால், சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பதில்தான் மனம் லயிக்கிறது என்பவர்கள், பி.எட். பெரிய படிப்புதானே, அது எல்லாவற்றுக்கும் செல்லும் என்ற பழைய எண்ணத்தில் அதில் சேர்ந்துவிடக் கூடாது.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்ததைத் தொடர்ந்து, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கை, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. டெட் என்று எல்லோரும் சொல்லும் இந்தத் தேர்வில், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு உரிய இரண்டாம் தாளில் 150 மதிப்பெண்களில் 60 மதிப்பெண்கள் கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல் பகுதிக்கு உரியவை. ஆங்கிலப் பட்டதாரிகளுக்குத் தனிப் பகுதி கிடையாது. அவர்களும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எழுத வேண்டும். பெரும்பாலோர் சமூக அறிவியலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரலாற்றையும் புவியியலையும் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்ட ஓர் ஆங்கிலப் பட்டதாரி, பி.எட். சேரும் நாளிலிருந்தே பள்ளிப் பாடநூல்களைக் கையில் எடுப்பது நல்லது.

பி.எட். சேர்வதற்கு முன் கவனிக்க வேண்டிய இன்னொன்று உங்கள் இளநிலைப் பட்டத்தின் பெயர். ஆங்கில இலக்கியம் என்ற பெயரில் அல்லாமல் வேறு பெயரில் பட்டம் பெற்றவர்கள், அந்தப் பட்டம் பி.ஏ. ஆங்கிலத்துக்கு இணையானது என்று அரசாணை வெளியாகியிருக்கிறதா என்பதைப் பல்கலைக்கழகத்தில் கேட்டு, ஆணையின் நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் இதைத் தேடுவது மிகுந்த மன உளைச்சலைத் தரும்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாக மாறியது. அதில் 20 வாரங்கள் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும். மேற்சொன்ன அளவுகோலை வைத்துப் பார்த்தால், இந்த 20 வாரங்கள் மிகப் பெரிய வாய்ப்பு. இவ்வளவு நீண்ட வகுப்பறை அனுபவத்தை வேறு எந்தச் சான்றிதழ்ப் பயிற்சியும் தருவதில்லை. அதைக் கல்லூரி எப்படிப் பயன்படுத்துகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. பயிற்சி மாணவரைப் பள்ளியில் விட்டுவிட்டு, இறுதியில் ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்திடும் கல்லூரியும் உண்டு. விரிவுரையாளர் வாரந்தோறும் பள்ளிக்கு வந்து, முழுப் பாடவேளையும் அமர்ந்து பார்த்து, பாடக் குறிப்பைத் திருத்தித் தரும் கல்லூரியும் உண்டு. இரண்டின் பட்டச் சான்றிதழும் ஒன்றுபோலவே இருக்கும். சேர்வதற்கு முன் அந்தக் கல்லூரியின் இரண்டாமாண்டு மாணவர்கள் இருவரிடமாவது தனியாகப் பேசி, பயிற்சிக் காலத்தில் உங்கள் வகுப்பைக் கல்லூரி ஆசிரியர் எத்தனை முறை பார்த்தார் என்று கேளுங்கள். அந்த விடை, கல்லூரியின் விளம்பரப் பலகை சொல்வதைவிட அதிகம் சொல்லிவிடும்.

கல்லூரிக்கு வராமலே பட்டம் வாங்கித் தருகிறோம் என்று சில இடங்களில் வெளிப்படையாகவே பேரம் பேசுகிறார்கள். இதற்கு நான்-அட்டெண்டிங் என்று ஒரு பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. இது விதிகளுக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்க, இதில் சேர்பவர் இழப்பது அந்த 20 வாரங்களைத்தான். ஒரு படிப்பின் மிகச் சிறந்த பகுதியை வேண்டாம் என்று சொல்வதற்கே பணம் கொடுக்கிறார். அவரிடம் பின்னாளில் ஆங்கிலம் கற்கப் போகும் பிள்ளைகளை நினைத்தாவது இந்த வழியைத் தவிர்க்க வேண்டும். தொலைநிலைக் கல்வியில் பி.எட். என்பது அனைவருக்கும் திறந்த வழி அன்று என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கும் பணியிலிருக்கும் பயிற்சி பெற்ற தொடக்கநிலை ஆசிரியர்களுக்கும் மட்டுமே அது உரியது.

அரசுக் கல்வியியல் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. சென்னையில் சைதாப்பேட்டையிலும் லேடி வெலிங்டன் வளாகத்திலும், வெளியூர்களில் புதுக்கோட்டை, ஒரத்தநாடு, குமாரபாளையம் போன்ற இடங்களிலும் இவை இருக்கின்றன. மதிப்பெண் போதுமானதாக இருந்தால் கலந்தாய்வில் இவற்றையே முதலில் கேளுங்கள். தனியார் கல்லூரி என்றால், அதற்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைவும் நடப்பு ஆண்டில் இருக்கின்றனவா என்பதை அந்தந்த இணையதளத்தில் நீங்களே பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பி.எட். படிப்பில் கல்வி உளவியல், கல்வித் தத்துவம், மதிப்பீடு என்று பல பாடங்களுக்கு நடுவே ஆங்கிலம் கற்பித்தல் ஒரு பாடமாக மட்டுமே வருகிறது. ஒலியியல், வாசிப்பைக் கற்பித்தல், எழுத்துப் பிழைகளைக் கையாளுதல் ஆகியவற்றுக்கு அங்கே கிடைக்கும் நேரம் குறைவு. பட்டத்தை முடித்தபின் இந்தக் குறையை வேறோரிடத்தில் ஈடுசெய்யத் திட்டமிட்டே சேருவது நல்லது.

கல்லூரி ஆசிரியர் பணி

முதுகலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் இருந்தால் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். 2023 ஜூலை 1 முதல் முனைவர் பட்டம் கட்டாயமில்லை. இங்கே பி.எட். தேவையில்லை. ஆனால் நம் முதுகலை ஆங்கிலப் படிப்புகள் பெரும்பாலும் இலக்கியப் படிப்புகளே. கவிதையையும் நாடகத்தையும் ஆழ்ந்து கற்றவர், வேலையில் சேர்ந்த முதல் நாளே, ஒரு முழு வாக்கியம் பேசத் தயங்கும் 60 மாணவர்கள் முன் நிற்க நேரிடுகிறது. அந்த மாணவர்களில் பலர் தம் குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அவர்களுக்கு உதவ விரும்புபவர், நெட் தேர்வுக்குப் படிக்கும்போதே மொழி கற்பித்தலில் ஒரு தனிப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்வது அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு நீண்ட காலமாகப் பெயர் பெற்ற இடம் ஐதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, 2007இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஆங்கிலம் கற்பித்தலில் இது தொலைநிலையில் நடத்தி வந்திருக்கும் முதுநிலைச் சான்றிதழ், முதுநிலைப் பட்டயப் படிப்புகளைத் தமிழ்நாட்டின் மூத்த ஆங்கில ஆசிரியர்கள் பலர் முடித்திருக்கிறார்கள். ஒலியியல், இலக்கணம், கற்பித்தல் முறை, பாடப்பொருள் தயாரிப்பு ஆகிய நான்கிலும் அடித்தளம் இடும் படிப்புகள் இவை. அரசுப் பள்ளியில் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு, 1963இல் தொடங்கப்பட்ட பெங்களூரு மண்டல ஆங்கில நிறுவனம் 30 நாள் சான்றிதழ்ப் பயிற்சி நடத்துகிறது. துறை வழியாக அழைப்பு வரும்போது தட்டிக்கழிக்காமல் செல்லுங்கள்.

செல்டாவும் டிரினிட்டியும்

உலக அளவில் வயது வந்தோருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் மையங்கள் முதலில் கேட்கும் சான்றிதழ்கள் இரண்டு. ஒன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவு வழங்கும் செல்டா. மற்றொன்று லண்டன் டிரினிட்டி கல்லூரி வழங்கும் செர்ட் டெசால். ஜான் ஹேக்ராஃப்ட் 1962இல் லண்டனில் நடத்திய இரண்டு வாரப் பயிற்சியில் செல்டாவின் வேர் இருக்கிறது. பயிற்சி பெறுபவர் தொடக்க நாள்களிலேயே உண்மையான மாணவர்கள் முன் நிற்க வேண்டும் என்ற அன்றைய எண்ணம்தான் இன்றும் அதன் முதுகெலும்பு.

செல்டாவில் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி உண்டு. அதில் 6 மணி நேரம், இரண்டு வெவ்வேறு நிலை மாணவர்களுக்கு நீங்கள் கற்பிப்பீர்கள். ஒவ்வொரு வகுப்பையும் பயிற்றுநர் பார்த்து மதிப்பிடுவார். இன்னும் 6 மணி நேரம் அனுபவமிக்க ஆசிரியர்களின் வகுப்புகளை நீங்கள் உட்கார்ந்து பார்ப்பீர்கள். எழுத்துப் பணிகள் நான்கு. முடிவில் தேர்ச்சி, தேர்ச்சி பி, தேர்ச்சி ஏ என்ற தரங்கள் தரப்படும். ஒவ்வொரு பயிற்சிக்கும் கேம்பிரிட்ஜ் நியமிக்கும் வெளி மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து பார்ப்பார் என்பதால், எந்த நாட்டில் படித்தாலும் தரம் பெரிதாக மாறுவதில்லை. டிரினிட்டி சான்றிதழிலும் 6 மணி நேரக் கற்பித்தல் உண்டு; அதோடு, பயிற்சி பெறுபவரே தமக்குச் சற்றும் தெரியாத ஒரு மொழியைச் சில மணி நேரம் கற்று, அந்த அனுபவத்தை நாட்குறிப்பாக எழுத வேண்டும். ஒன்றும் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்பதை மறந்துவிட்ட ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

ஆறு மணி நேரம் என்பது பி.எட். படிப்பின் 20 வாரங்களோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பமாகத் தோன்றும். ஆனால் அந்த 6 மணி நேரத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் முன்னும் பின்னும் உழைப்பு இருக்கிறது. 40 நிமிட வகுப்புக்கான பாடத் திட்டத்தை முந்தைய நாள் பயிற்றுநரோடு விவாதிப்பீர்கள். வகுப்பு முடிந்ததும் சக பயிற்சியாளர்களும் பயிற்றுநரும் சேர்ந்து என்ன நடந்தது என்று பேசுவார்கள். எழுத்து வடிவில் பின்னூட்டம் கைக்கு வரும். அடுத்த வகுப்பில் அதைச் சரிசெய்திருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். முழுநேரப் பயிற்சி நான்கைந்து வாரங்களில் முடிந்துவிடும் என்றாலும் அந்த வாரங்களில் வேறு எந்த வேலையும் செய்ய இயலாது. குடும்பப் பொறுப்பும் வேலையும் உள்ளவர்களுக்குப் பல மாதங்கள் நீளும் பகுதிநேரப் பயிற்சியே பொருத்தமானது. இணையவழியில் படிக்கும் வாய்ப்பும் உண்டு. அப்போது கற்பித்தல் பயிற்சியும் திரையில்தான் நடக்கும். நாளை நேரடி வகுப்பறையில் நிற்கப் போகிறவர், வசதி இருந்தால் நேரடிப் பயிற்சியையே தேர்ந்தெடுக்கட்டும்.

இதன் வரம்புகளையும் அறிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். கட்டணம் இந்தியாவில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். இது வயது வந்தோருக்குக் கற்பிப்பதற்கான சான்றிதழ். நம் பள்ளிப் பணிக்குப் பி.எட். படிப்பின் இடத்தை இது எடுத்துக்கொள்ளாது. மேலும், இதன் பாட முறைகள் பத்துப் பதினைந்து பேர் கொண்ட, பல தாய்மொழிகளைப் பேசுவோர் கலந்திருக்கும் வகுப்பை மனத்தில் கொண்டு உருவானவை. 45 பேர் நெருக்கி அமர்ந்திருக்கும், அனைவரும் தமிழ் பேசும் வகுப்பில் அவற்றை அப்படியே நடத்த முடியாது. எடுத்துக்கொள்ள வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு நம் சூழலுக்கு மாற்றிக்கொள்ளும் வேலை பயிற்சி முடிந்த பிறகு உங்களுக்கு இருக்கிறது.

செலவைத் தாங்க முடியாத, ஏற்கெனவே வகுப்பறையில் இருக்கும் ஆசிரியர்கள் கற்பித்தல் பற்றிய அறிவைச் சோதிக்கும் கேம்பிரிட்ஜின் டி.கே.டி. தேர்வைக் கருதலாம். இதன் மூன்று அடிப்படைப் பகுதிகள் ஒவ்வொன்றிலும் 80 கொள்குறி வினாக்கள், 80 நிமிடங்கள். தேர்ச்சி, தோல்வி என்று இல்லாமல் நான்கு நிலைகளில் ஒன்று வழங்கப்படும். ஒரு பகுதியை மட்டும் எழுதினாலும் அதற்குச் சான்றிதழ் உண்டு. இதில் கற்பித்தல் பயிற்சி கிடையாது. எனவே புதியவர்களுக்கு இது போதாது.

‘120 மணி நேரம்’ என்ற விளம்பரம்

டெஃபல், டெசால் என்ற சொற்கள் எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரிமையானவை அல்ல. பிற மொழியினருக்கு ஆங்கிலம் கற்பித்தல் என்ற துறையின் பெயர்கள் அவை. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் சான்றிதழ் அச்சிடலாம். சில ஆயிரம் ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கும் 120 மணி நேரச் சான்றிதழ்கள், மணிக்கணக்கில் மட்டும் செல்டாவை ஒத்திருக்கின்றன. அவற்றில் காணொளி பார்த்தல், பக்கங்களைப் படித்தல், வினாக்களுக்கு விடையளித்தல் ஆகியவை உண்டு. உங்கள் வகுப்பை உட்கார்ந்து பார்க்க எவரும் இல்லை. இவற்றை வீண் என்று முற்றாகத் தள்ளிவிட மாட்டேன். வீட்டிலிருந்தபடி இணையத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குபவருக்கு, பாடத் திட்டம் எழுதுவதன் அரிச்சுவடியை இவை கற்றுத்தரும். ஆனால் அதற்குக் கொடுக்கும் பணம் நல்ல கையேடு ஒன்றின் விலையைப் பல மடங்கு தாண்டும்போது நின்று யோசிக்க வேண்டும்.

சர்வதேச அங்கீகாரம் பெற்றது என்று எழுதியிருந்தால், அங்கீகரித்த அமைப்பு எது என்று கேளுங்கள். அந்த அமைப்பின் முகவரியையும் உரிமையாளரையும் தேடிப் பாருங்கள். பயிற்சி நிறுவனமும் அங்கீகார அமைப்பும் ஒரே கையில் இருப்பது அரிதன்று. பிரிட்டிஷ் அரசின் ஒழுங்குமுறையின் கீழ் வரும் தகுதி என்றால், இங்கிலாந்தின் தகுதிகளை மேற்பார்க்கும் ஆஃப்குவால் அமைப்பின் பொதுப் பதிவேட்டில் அதன் எண்ணும் நிலையும் இருக்கும். செல்டாவும் டிரினிட்டி சான்றிதழும் அங்கே ஐந்தாம் நிலையில் இருக்கின்றன. பதிவேட்டில் இல்லாத ஒன்றை ‘ஐந்தாம் நிலை’ என்று விற்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. விண்ணப்பித்த அன்றே, எழுத்துத் தேர்வும் நேர்காணலும் இல்லாமல், பணம் கட்டியவுடன் சேர்த்துக்கொள்ளும் பயிற்சியையும் நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

வெளிநாடு செல்லும் நோக்கம் இருந்தால், சான்றிதழைவிட விசா விதியை முதலில் படிக்க வேண்டும். தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர்களுக்கான விசா, ஆங்கிலம் முதன்மை மொழியாக உள்ள ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே பொதுவாகக் கிடைக்கிறது. இந்தியாவுடனான பொருளாதார ஒப்பந்தத்தின் வழியே நம்மவர்களுக்கு உள்ள குறுகலான வாசலுக்கும் பட்டமும் முறையான ஆசிரியர் தகுதியும் கேட்கிறார்கள். வளைகுடா நாடுகளில் உள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பட்டத்தையும் பி.எட். படிப்பையும் எதிர்பார்க்கின்றன; சான்றிதழ்களுக்கு மாநில, மத்திய அரசுகளிடமும் தூதரகத்திலும் அட்டஸ்டேஷன் செய்ய வேண்டியிருக்கும். இங்கெல்லாம் இணையச் சான்றிதழ் ஒன்று உங்களை வேலையில் அமர்த்திவிடும் என்று சொல்லும் முகவரை நம்ப வேண்டாம்.

பாடத்திட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும்

பயிற்றுநர் யார் என்பதே முதலில் பார்க்க வேண்டியது. 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் பெருமுயற்சி ஒன்று நடந்தது. ஒரு குழுவுக்குப் பயிற்சியளித்து, அவர்கள் அடுத்த குழுவுக்கு, அவர்கள் அதற்கடுத்த குழுவுக்கு என்று பரப்புவதே திட்டம். உருண்டு பெருகும் பனிப்பந்தை நினைவூட்டும் பெயரால் அது அறியப்பட்டது. இப்படிப் பல கைகள் மாறும் எந்தப் பயிற்சியிலும் கடைசிக் குழுவுக்கு வந்து சேரும்போது சாரம் மெலிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. இன்றும், நேற்று பயிற்சி முடித்தவரே இன்று பயிற்றுநராக நிற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பயிற்றுநர் எத்தனை ஆண்டுகள் வகுப்பறையில் இருந்தார், இப்போதும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறாரா, அவருடைய சொந்தத் தகுதி என்ன என்று கேட்பதில் தவறேதும் இல்லை.

அடுத்து, தமிழ் பேசும் மாணவரின் சிக்கல்களைப் பாடத்திட்டம் அறிந்திருக்கிறதா? தமிழில் இல்லாத ‘எ’ (a), ‘தி’ (the) சொற்களை எங்கே இடுவது என்று நம் மாணவர்கள் பல்கலைக்கழகம் வரை தடுமாறுகிறார்கள். வினை இறுதியில் வரும் மொழியிலிருந்து, வினை நடுவில் வரும் மொழிக்குப் போகிறார்கள். ‘ஸ்கூல்’ என்பது ‘இஸ்கூல்’ ஆகிறது. ‘ஃபேன்’ என்பது ‘பேன்’ ஆகிறது. ‘ஃபோட்டோகிராஃப்’ என்ற சொல்லில் முதல் அசையில் விழும் அழுத்தம், ‘ஃபோட்டோகிராஃபர்’ என்ற சொல்லில் இரண்டாம் அசைக்கு நகர்வது தமிழ்க் காதுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. இவற்றைக் குறையாகப் பார்க்காமல், தாய்மொழியின் இயல்பான விளைவாகப் புரிந்துகொண்டு, எந்த வரிசையில் எப்படிக் கற்பிப்பது என்று சொல்லித்தரும் பயிற்சி நமக்கு வேண்டும். வகுப்பில் தமிழை எப்போது பயன்படுத்தலாம், எப்போது ஒதுக்க வேண்டும் என்ற கேள்விக்கு, தமிழே பேசக் கூடாது என்ற ஒற்றை வரி விதியைத் தவிர வேறு விடை இல்லாத பயிற்சியிடம் நான் அதிகம் எதிர்பார்க்க மாட்டேன்.

பெரிய வகுப்பைக் கையாளும் முறையும் இதே அளவு முக்கியமானது. ஆங்கிலம் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூரு திட்டம், இலக்கண விதிகளை நேரடியாகக் கற்பிக்காமல், மாணவர்கள் அறிவைச் செலுத்தித் தீர்க்க வேண்டிய செயல்பாடுகளின் வழியே ஆங்கிலத்தைக் கற்பித்துப் பார்த்தது. உலகெங்கும் ஆசிரியர் பயிற்சிகளில் இன்றும் பேசப்படும் அந்த முயற்சி, நிறைய வசதிகளோடு அல்ல, நம்முடையதைப் போன்ற சாதாரண வகுப்பறைகளில்தான் நடந்தது. இதைப் பற்றிப் பயிற்றுநர் என்ன நினைக்கிறார் என்று நேர்காணலின்போது கேட்டுப் பாருங்கள். நம் மண்ணில் நடந்த ஆங்கிலக் கல்விப் பணிகளை அவர் அறிந்திருக்கிறாரா என்பது தெரிந்துவிடும்.

உங்கள் சொந்த ஆங்கிலம்

எந்தப் பயிற்சியும் உங்கள் ஆங்கிலத்தை வளர்ப்பதற்காக நடத்தப்படுவது அன்று. செல்டா போன்றவை மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் சி1 அல்லது அதற்கு மேற்பட்ட நிலையை எதிர்பார்க்கின்றன, ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் ஏறத்தாழ 7 என்று கொள்ளலாம். அந்த நிலைக்குச் சற்றுக் கீழே இருப்பவர், கற்பித்தல் பயிற்சிக்கு வைத்திருக்கும் தொகையில் ஒரு பகுதியையும் ஓராண்டுக் காலத்தையும் முதலில் தம் மொழிக்காகச் செலவிடுவது நல்லது. உச்சரிப்பில் ஆங்கிலேயரைப் போலப் பேச வேண்டும் என்ற கவலை வேண்டாம். தெளிவாகவும் பிழையின்றியும் பேசுவதே தேவை. ‘ஐ லிவ்ட் இன் மதுரை’ என்பதற்கும் ‘ஐ ஹாவ் லிவ்ட் இன் மதுரை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பத்தாம் வகுப்பு மாணவருக்குப் புரியும்படி, இலக்கணப் பெயர்களைச் சொல்லாமல், ஒரு சூழ்நிலையை உருவாக்கி விளக்க உங்களால் முடிகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். நேர்காணல்களில் கேட்கப்படுவது பெரும்பாலும் இந்த வகைக் கேள்விகளே.

பணம் கட்டுவதற்கு முன்

தெரிவு இரண்டு அல்லது மூன்று பயிற்சிகளாகச் சுருங்கிய பிறகு, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எழுத்து வடிவில் கேள்விகளை அனுப்புங்கள். கற்பித்தல் பயிற்சி எத்தனை மணி நேரம். மாணவர்களாக வருவது வெளியிலிருந்து வரும் உண்மையான கற்போரா, அல்லது சக பயிற்சியாளர்களே மாணவர்களாக நடிப்பார்களா. ஒரு பயிற்றுநரின் கீழ் எத்தனை பேர். பின்னூட்டம் எழுத்தில் தரப்படுமா. சான்றிதழில் எந்த அமைப்பின் பெயர் இருக்கும். இடையில் விலக நேர்ந்தால் எவ்வளவு தொகை திரும்பக் கிடைக்கும். சக பயிற்சியாளர்களுக்கு மத்தியில் நடத்திப் பார்க்கும் நுண்ணிலைக் கற்பித்தலும் பயனுள்ளதுதான்; ஆனால் அது முதல் படி மட்டுமே. அதையே முழுக் கற்பித்தல் பயிற்சியாகக் கணக்குக் காட்டும் நிறுவனம், மிக முக்கியமான கேள்விக்குத் தவறான விடையைத் தருகிறது.

பதில் வந்த பிறகு, ஒரு வகுப்பையும் அதைத் தொடரும் பின்னூட்ட உரையாடலையும் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தால், பயிற்றுநர் பொதுவாகப் பாராட்டிவிட்டு நகர்கிறாரா, அல்லது குறிப்பிட்ட ஒரு நிமிடத்தைச் சுட்டிக்காட்டி, அந்த இடத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். சென்னையில் 1974இல் தொடங்கப்பட்ட இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கத்தின் கூட்டங்களுக்குச் சென்றால், நீங்கள் விசாரிக்கும் பயிற்சியை ஏற்கெனவே முடித்தவர்களைச் சந்திக்க வாய்ப்பு உண்டு.

சேர்க்கை அறிவிப்பு வரும்வரை காத்திருக்கும் மாதங்களையும் வீணாக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள பள்ளியில் தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, வாரம் ஒரு நாள் ஆங்கில வகுப்பின் பின்வரிசையில் அமருங்கள். ஒரு பாடவேளையில் ஆசிரியர் எத்தனை நிமிடம் பேசுகிறார், மாணவர்கள் எத்தனை நிமிடம் பேசுகிறார்கள், ஒரு கேள்விக்குப் பின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், எந்த மாணவர் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை என்று ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள். நேர்காணலில் ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். அப்போது அந்தக் குறிப்பேட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.